அண்ணாச்சி பதில்: அடுப்படிக்கு வராத வைஃபை

கேள்வி: அண்ணாச்சி, வணக்கம். பேரன் தன் பழைய லேப்டாப்பில் விண்டோஸுக்குப் பதில் லினக்ஸ் மின்ட் போட்டுக் கொடுத்திருக்கிறான். பட்டாசாலையில் ரூட்டர் பக்கத்தில் உட்கார்ந்தால் நெட் வருகிறது. ரெண்டாங்கட்டு தாண்டினால் வைஃபை பெயரே காணாமல் போகிறது. என் போனுக்கு அடுப்படியிலும் நன்றாக எடுக்கிறது. விண்டோஸ் இருந்தவரை இந்தத் தொல்லை இல்லை. ரிப்பேர் கடையில், "பழைய காலத்துச் சுவர், இன்னொரு ரூட்டர் வாங்குங்க" என்கிறார்கள். வாங்கவா?
- ஓய்வுபெற்ற ஆசிரியை, கல்லிடைக்குறிச்சி

பதில்: ஒத்தப் பைசா செலவழிக்காதீங்க, டீச்சர். உங்க ஊர்ச் சுவரோட கனம் எனக்குத் தெரியும். ஆனா சுவர்தான் காரணம்னா போனும் படுத்திருக்கணும்லா? விண்டோஸ்லயும் தகராறு பண்ணியிருக்கும்.

டெர்மினல்ல (கட்டளை அடிக்கிற ஜன்னல்) 'எல்எஸ்பிசிஐ'ன்னு அடிச்சு, 'நெட்வொர்க் கன்ட்ரோலர்' வரியைப் பாருங்க. 'ரியல்டெக் ஆர்டிஎல்8723பிஇ'ன்னு இருந்தா ஆள் பிடிபட்டான். நீங்க சொல்ற லட்சணத்துக்கு அவனாத்தான் இருக்கும். அது லேப்டாப்புக்குள்ள இருக்கிற வைஃபை கார்டு. அதுல ஆன்டெனா மாட்ட ரெண்டு முனை உண்டு. காசை மிச்சம் பிடிக்க, சில லேப்டாப்புல ஒரு ஆன்டெனாவோட நிறுத்திட்டாங்க. அது எந்த முனையில இருக்குன்னு சிப்புக்குள்ள குறிச்சு வைக்கணும். சில மாடல்கள்ல அந்தக் குறிப்பே தப்பு. லினக்ஸ் டிரைவர் (கார்டை இயக்குற மென்பொருள்) அதை நம்பி, ஒயரே இல்லாத முனையில காதை வச்சுக் கேட்டுக்கிட்டிருக்கு. ரூட்டர் பக்கத்துல இருந்தா மட்டும் ஏதோ விழுது.

ரெண்டாங்கட்டுல உட்கார்ந்து, 'என்எம்சிஎல்ஐ டெவ் வைஃபை' அடிச்சு, நூத்துக்கு எவ்வளவு சிக்னல்னு குறிச்சுக்கோங்க. 'சூடோ மோட்ப்ரோப் -ஆர் ஆர்டிஎல்8723பிஇ' அடிச்சா டிரைவர் கழண்டுக்கும். பிறகு 'சூடோ மோட்ப்ரோப் ஆர்டிஎல்8723பிஇ ஆன்ட்_செல்=2' அடிச்சா, எந்த முனைன்னு நாமளே சொல்லி டிரைவரைத் திரும்ப ஏத்தறோம். எல்லாம் ஆங்கிலச் சின்ன எழுத்து. கொஞ்சம் பொறுத்து, இடம் மாறாம மறுபடி சிக்னலைப் பாருங்க. ஏறலைன்னா டிரைவரை மறுபடி கழட்டிட்டு, 2க்குப் பதிலா 1 போட்டுப் பாருங்க.

எது ஏறுதோ அதை நிலைக்க வைக்கணும். 'ஈடிசி' ஃபோல்டருக்குள்ள 'மோட்ப்ரோப்.டி'யில, '.கான்ஃப்'னு முடியற ஒரு ஃபைல்ல 'ஆப்ஷன்ஸ் ஆர்டிஎல்8723பிஇ ஆன்ட்_செல்=2'ன்னு (1 ஏறினா 1) ஒத்த வரி எழுதச் சொல்லுங்க பேரனை. இல்லைன்னா ரீஸ்டார்ட் ஆனதும் பழைய குருடி கதவைத் திறடிதான்.

இன்னொண்ணு. இந்தக் கார்டுக்கு 2.4 கிகாஹெர்ட்ஸ் மட்டும்தான் எடுக்கும். ரூட்டரோட 5 கிகாஹெர்ட்ஸ் பேர் தெரியலைன்னு யாராவது பயமுறுத்தினா கண்டுக்காதீங்க.

கேள்வி: லேப்டாப்பில் உபுண்டு (லினக்ஸில் ஒரு வகை) போட்டேன், பிராட்காம் கார்டு, வைஃபையே காட்டவில்லை. டிரைவர் இறக்க நெட் வேண்டும், நெட் வர டிரைவர் வேண்டும். என்ன செய்ய?
- கல்லூரி மாணவர், திசையன்விளை

பதில்: போனை கேபிள்ல மாட்டி 'யூஎஸ்பி டெதரிங்' போடுங்க தம்பி. நெட் வந்ததும் 'அடிஷனல் டிரைவர்ஸ்' திறந்தா பிராட்காம் டிரைவர் நிக்கும். செக்யூர் பூட்டுக்குன்னு (நம்பிக்கையில்லாத மென்பொருளை ஏறவிடாம தடுக்கிற காவல்) பாஸ்வேர்ட் கேட்டா ஒண்ணு போட்டு மறக்காம வச்சுக்கோங்க. ரீஸ்டார்ட்ல நீலத் திரை வரும். பயந்துபோய் 'கன்டினியூ' தட்டிட்டு, டிரைவர் ஏறியும் வேலை செய்யலைன்னு கடைக்குத் தூக்கிட்டு வர்றவங்கதான் அதிகம். 'என்ரோல் மோக்' (இந்த டிரைவரை நம்பலாம்னு பதியற இடம்) எடுத்து அந்தப் பாஸ்வேர்டைக் கொடுங்க.