தலை ஸ்கேனைப் படிப்பவர் யார்?

வணக்கம். பக்கவாதம் வந்த என் அப்பாவுக்கு இரண்டு வாரம் கழித்து மதுரையில் எம்ஆர்ஐ எடுத்தோம். ‘ரத்தக்குழாய் அடைப்பு; மூளைக் கட்டி இல்லை என்று உறுதிசெய்யவும்’ என்று ரிப்போர்ட். கையெழுத்திட்டவர் எம்.டி. ரேடியாலஜி. மூளை ஸ்கேன் படிக்கும் நிபுணரான நியூரோரேடியாலஜிஸ்ட்டிடம் காட்டச் சொல்கிறார் மாமா. அவர் என்ன கூடுதலாகப் படித்திருப்பார்?
— ஒரு வாசகர், மேலூர்

அன்புள்ள நண்பருக்கு,

எம்.டி.யைக் குறைவாக நினைக்க வேண்டாம். எம்.பி.பி.எஸ். ஐந்தரை ஆண்டு, நீட் முதுநிலைத் தேர்வு, பிறகு ரேடியாலஜி மூன்றாண்டு. இதை மதுரை மருத்துவக் கல்லூரியிலேயே படிக்கலாம். ஆனால் அதில் உடம்பு முழுவதும் அடக்கம். மூளைக்கும் தண்டுவடத்துக்கும் மட்டுமான டி.எம். என்ற மேற்படிப்பு இன்னும் மூன்றாண்டு; பெங்களூரு நிம்ஹான்ஸ், திருவனந்தபுரம் ஸ்ரீ சித்திரைத் திருநாள், டெல்லி எய்ம்ஸ் போன்ற சில இடங்களில்தான் உண்டு. படம் படிப்பதோடு, தொடை ரத்தக்குழாய் வழியே கதீட்டர் என்ற மெல்லிய குழாயை விட்டு மூளையில் அடைத்த ரத்தக்கட்டியை எடுக்கவும் அங்கே பழக்குவார்கள். டி.எம். இடம் கிடைக்காதவர்கள் ஃபெல்லோஷிப் என்ற கூடுதல் பயிற்சிக்குப் போவதுண்டு. அது எல்லா இடத்திலும் ஒரே தரமல்ல; எந்த மருத்துவமனை, எத்தனை மாதம் என்று பாருங்கள். பெயருக்குப் பின்னால் எஃப்.ஆர்.சி.ஆர். என்று இருந்தால், அது பிரிட்டன் தேர்வு, பொது ரேடியாலஜிக்கானது. பதிவான பட்டங்களை மருத்துவக் கவுன்சில் பதிவேட்டில் சரிபார்க்கலாம்.

உங்கள் அப்பாவின் ரிப்போர்ட்டில் சந்தேகம் வந்ததற்குக் காரணம் அநேகமாக நாள்கணக்குதான். அடைப்பு வந்த முதல் நாட்களில் எம்ஆர்ஐயில் நீரின் அசைவைக் காட்டும் டிஃப்யூஷன் படத்தில் அந்த இடம் பளிச்சென்றும், அதிலிருந்து கணக்கிடும் ஏடிசி படத்தில் கறுப்பாகவும் தெரியும். ஒன்றிரண்டு வாரத்தில் ஏடிசியின் கறுப்பு மங்கி, மூளையின் மற்ற பகுதியோடு கலந்துவிடும். அதே சமயத்தில் காண்ட்ராஸ்ட் மருந்து போட்டால் அந்த இடம் ஒளிரும். கட்டியும் அப்படித்தான் ஒளிரும். பழகிய கண் வேறு இரண்டைப் பார்க்கும்: பாதிப்பு ஒரே ரத்தக்குழாயின் எல்லைக்குள் நிற்கிறதா, ஒளிர்வு மூளை மடிப்புகளை ஒட்டியே ஓடுகிறதா. இரண்டும் ஆம் என்றால் அடைப்பின் பக்கம்தான் சாயும். அப்போதும் தீராவிட்டால் ஆறு முதல் எட்டு வாரம் கழித்து மறுபடி எடுப்பார்கள். அடைப்பு சுருங்கியிருக்கும், கட்டி சுருங்காது.

பக்கவாதம் எந்தத் தேதி, எத்தனை மணிக்குத் தொடங்கியது என்று ஸ்கேன் சீட்டில் எழுதினார்களா? ‘கை கால் பலவீனம்’ என்று மட்டும் எழுதி அனுப்பினால் டி.எம். படித்தவரும் தடுமாறுவார். தேதியை எழுதிக்கொடுங்கள். ஃபிலிம் போதாது, படங்கள் பதிந்த சிடி வட்டைக் (CD) கேட்டு வாங்குங்கள்; முதல் நாள் எடுத்த சி.டி. (CT) ஸ்கேனையும் சேர்த்துக் கொடுங்கள்.

இந்த இரண்டாம் கருத்தெல்லாம் நாள் கடந்தபின் கேட்பது. பக்கவாதம் வந்த அன்று யாரையும் தேடி அலையக்கூடாது: ரத்தக்கட்டியைக் கரைக்கும் ஊசிக்கு நாலரை மணி நேரமே பொதுக் கெடு.