எல்லாரும் ஓடுறாங்க, எனக்கு மூச்சு வாங்குது

கேள்வி:

வணக்கம் மேடம். எனக்கு 49 வயசு, லேஅவுட் டிசைனர். கம்ப்யூட்டர்ல பக்கம் அமைக்கிற டிடிபி வந்த காலத்துல இருந்து இதே வேலைதான். பேஜ்மேக்கர்ல ஆரம்பிச்சு கோரல்டிரா, போட்டோஷாப், இன்டிசைன்னு எந்த சாஃப்ட்வேர் வந்தாலும் கத்துக்கிட்டுதான் வந்தேன், அதனால புதுசுன்னா எனக்கு பயம்னு மட்டும் நினைச்சுடாதீங்க. ஆனா இப்ப நடக்கிறது வேற மேடம். காலையில போனை எடுத்தா ஒரு புது ஏஐ டூல், சாயங்காலம் அதைத் தூக்கி சாப்பிடற மாதிரி இன்னொண்ணு, ஒண்ணுக்கு சந்தா கட்டி தட்டுத்தடுமாறி கத்துக்கிறதுக்குள்ள "அது பழசு சார்"ங்கிறாங்க. ராத்திரி ரெண்டு மணி வரைக்கும் டுடோரியல் பார்க்கிறேன், மண்டையில ஒண்ணும் நிக்கல, படபடப்புதான் மிச்சம்.

ஆபீஸ்ல புதுசா ஒரு பையன். நான் பென் டூல் வச்சு முடி முடியா கட் பண்ணி எடுக்கிற படத்துக்கு அவன் ஒரு வரி டைப் பண்ணி பேக்ரவுண்டையே மாத்திடறான். போன வாரம் எல்லார் முன்னாடியும் "அண்ணா, இதெல்லாம் நீங்க கையாலயா பண்ணீங்க?"ன்னு கேக்கிறான், எனக்கு சுருக்குன்னுச்சு. மேனேஜரும் அவசர வேலைன்னா இப்ப அவன்கிட்டதான் போறார். அவன் கொடுத்த படத்துல ஒரு கையில ஆறு விரல் இருந்துச்சு, யாரும் கண்டுக்கல. பொறுமைக்கு மதிப்பே இல்ல மேடம். நான் முதல்ல வேலைக்கு சேர்ந்த பிரஸ்ல எல்லாம் அப்படி இல்ல (அங்க அச்சுக் கோர்க்கிற வயசான கம்போசிட்டர் ஒருத்தர் இருந்தார், திரும்பியிருக்கிற ஈய எழுத்தை அப்படியே மளமளன்னு படிப்பார், ண-வா ன-வான்னு விரலால தடவியே சொல்லுவார், கம்ப்யூட்டர் வந்தப்புறம் அவரை பேப்பர் கட்டு பிரிக்க விட்டுட்டாங்க, நாங்க பசங்கல்லாம் "மியூசியம்"னு கூப்பிடுவோம், சும்மா தமாஷுக்கு, ஏனோ இப்ப அடிக்கடி கனவுல வர்றார், அதை விடுங்க), அப்பல்லாம் வேலைன்னா வேலை. இப்ப வேகம் ஒண்ணுதான்.

இதுக்கு நடுவுல நிதானமா கால் ஊனி நிக்கிறது எப்படி? எந்த டூலை கத்துக்கணும், எதை விடணும்? வேலை போயிடுமா? போனை ஆஃப் பண்ணிட்டு தூங்குங்கன்னு மனைவி திட்டறா.

பதில்:

டூலு, பையன், மேனேஜர்னு ஒவ்வொண்ணுக்கும் நான் பதில் எழுதப் போறதில்ல. பிராக்கெட்டுக்குள்ள போட்டு "அதை விடுங்க"ன்னீங்களே, அதை என்னால விட முடியல.

வேகம் நிஜம்தான். சாட்ஜிபிடி 2022 நவம்பர்ல வந்துச்சு, அடுத்த வருஷமே போட்டோஷாப்புக்குள்ள, ஒரு வரி டைப் பண்ணினா படத்தை மாத்தித் தர்ற ஜெனரேட்டிவ் ஃபில் வந்து உக்காந்துடுச்சு, யாருக்கும் மூச்சு வாங்கத்தான் செய்யும். இந்தப் படபடப்பும் புதுசு இல்ல, கிரெய்க் பிராட்னு ஒரு உளவியலாளர் இதுக்கு டெக்னோஸ்ட்ரெஸ்னு 1984லயே பேர் வச்சுட்டார். ஆனா மாற்றம்தான் உங்களை சாய்க்குதுன்னா நீங்க எப்பவோ சாய்ஞ்சிருக்கணும். பேஜ்மேக்கரோட கடைசி வெர்ஷன் 2001ல வந்துச்சு, அப்புறம் அவ்வளவுதான், நீங்க அலட்டிக்காம இன்டிசைனுக்குப் போயிட்டீங்க. ஏன்னா அப்ப டூல்ங்கிறது வெறும் டூல். இப்ப ஒவ்வொரு டூலும் உங்களுக்கு ஒரு விசாரணை, "நான் மியூசியமா இல்லையா"ன்னு.

அந்தப் பையன் கேட்டதை நான் திரும்பப் படிச்சேன், எனக்கு அது ஆச்சரியமாத்தான் கேக்குது. கிண்டலாவும் இருக்கலாம், நான் அங்க இல்ல. ஆனா எதுன்னு யோசிக்கக்கூட உங்களுக்குத் தோணல, ஏன்னா அவன் வயசுல நீங்க அதைக் கேட்டிருந்தா கிண்டலாத்தான் கேட்டிருப்பீங்க. நீங்க பயப்படறது அவன் பார்வைக்கு இல்ல, இருபது வயசுல நீங்க அந்தப் பெரியவரைப் பார்த்த பார்வைக்கு.

தமாஷுன்னு எழுதியிருக்கீங்க. ஒரு கூட்டமே சேர்ந்து ஒரு வயசானவரை அப்படிக் கூப்பிட்டா அது தமாஷ் இல்ல சார். அதுக்காக இப்ப தண்டனை கிடைக்குது, கர்மான்னு எல்லாம் போயிடாதீங்க, அது இன்னொரு சுய பச்சாதாபம். நான் சொல்றது வேற. ஒரு ஆளோட மதிப்பு அவர் கையில இருக்கிற மெஷினோட வயசுதான்னு ஒரு தராசை அப்ப வாங்கினீங்க, அவரை நிறுத்திப் பார்த்தீங்க, இப்ப நீங்களே அதுல ஏறி நிக்கிறீங்க. அதுல நின்னுக்கிட்டு எத்தனை டுடோரியல் பார்த்தாலும் எடை ஏறாது.

இன்னொண்ணு. பொறுமைக்கு மதிப்பிருந்த இடம்னு நீங்க சொல்ற அதே பிரஸ்லதான் அவரைக் கட்டு பிரிக்க விட்டாங்க. அவர் அச்சுக் கோர்க்கிற வேகம் தேவைப்படாம போனது கம்ப்யூட்டராலதான், சரி. ஆனா ண-ன தடவிப் பார்த்தே சொல்ற மனுஷன்கிட்ட "இந்த பிரிண்ட் அவுட்டைக் கொஞ்சம் பாருங்க"ன்னு ஒரு புரூஃபைக் கொடுக்கணும்னு யாருக்கும் தோணலையே, அது மெஷின் பண்ணினது இல்ல, கூட வேலை செஞ்ச ஆளுங்க பண்ணினது. இப்ப உங்க ஆபீஸ்ல அந்த ஆளுங்கள்ல ஒருத்தர் நீங்க. ஆறு விரலைப் பார்த்தீங்களே, சொன்னீங்களா? யாரும் கண்டுக்கலன்னு எழுதியிருக்கீங்க, நீங்க கண்டும் சும்மா இருந்த மாதிரிதான் எனக்குத் தெரியுது.

பெரியவர் இருக்காரான்னு விசாரிங்க. இருந்தா போய் மன்னிப்பு, கண்ணீர்னு ஆரம்பிச்சுடாதீங்க, இந்த வயசுல உங்களை சமாதானப்படுத்தற வேலை அவருக்கு எதுக்கு? சும்மா உக்காந்து அவர் தொழிலைப் பத்தி பேச விடுங்க.

டூல் விஷயம் சின்னது. இப்ப கையில இருக்கிற வேலைக்கு நேரடியா உதவுற ஒண்ணே ஒண்ணு போதும், அதை அந்தப் பையன்கிட்டயே, ஆபீஸ் நேரத்துல கத்துக்கோங்க, பதிலுக்கு அவன் படம் வெளிய போறதுக்கு முன்னாடி உங்க கண்ணுல பட்டுப் போகட்டும். ராத்திரி போன் விஷயத்துல உங்க மனைவி சொல்றதுதான் சரி. அப்படியும் தூக்கம் வரலன்னா நேர்ல ஒரு டாக்டரைப் பாருங்க, தள்ளிப் போடாதீங்க. வேலை போயிடுமான்னு கேட்டீங்க, நிச்சயமா போகாதுன்னு நான் சொன்னா அது பொய். ஆனா அந்த பயத்தை மேனேஜர்கிட்ட நேரா உக்காந்து பேசலாம், அதை நீங்க இன்னும் செஞ்ச மாதிரி தெரியல.