மண்ணைப் படிக்கப் போகிறேன் என்கிற மகளின் அப்பாவுக்கு

வணக்கம் ஐயா.

உங்கள் கடிதத்தை இரண்டு தடவை படித்தேன். மகள் சிவில் எஞ்சினியரிங் மூன்றாம் ஆண்டு படிக்கிறாள். அடுத்து ஜியோடெக்னிக்கல், அதாவது மண்ணையும் அடித்தளத்தையும் பற்றிய பொறியியல் பிரிவில் முதுகலை, பிறகு நிலநடுக்கப் பொறியியலில் பிஎச்.டி., கடைசியில் பேராசிரியர் வேலை என்று அவள் திட்டம் போட்டிருக்கிறாள். "கட்டடம் கட்டத் தெரியட்டும் என்று சேர்த்தேன், இவள் மண்ணைப் பிடித்துக்கொண்டு நிற்கிறாள். இதில் பிழைக்க வழி இருக்கிறதா?" என்று கேட்டிருக்கிறீர்கள்.

வழி இருக்கிறது. ஆனால் பேராசிரியர் பதவி நிச்சயமாகக் கிடைக்குமா என்று கேட்டால், கிடைக்கும் என்று என்னால் வாக்குக் கொடுக்க முடியாது. பிஎச்.டி. முடிப்பவர்களின் எண்ணிக்கையோடு பார்த்தால் காலி இடங்கள் எந்த நாட்டிலும் குறைவுதான். அதனால் உங்களுக்கும் அவளுக்கும் நான் சொல்வது ஒன்றுதான்: பதவியைக் குறிவைத்துப் படிக்க வேண்டாம், மண்ணைப் புரிந்துகொள்ளும் திறமையைக் குறிவைத்துப் படிக்கட்டும். அந்தத் திறமை கையில் இருந்தால் இந்தப் பாதையில் எந்த இடத்தில் நின்றாலும் வெளியே வேலை இருக்கும். ஏன் இவ்வளவு உறுதியாகச் சொல்கிறேன் என்பதைக் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

முதலில், அவள் ஏன் மண்ணைப் பிடித்துக்கொண்டு நிற்கிறாள் என்று பார்ப்போம். 1964 ஜூனில் ஜப்பானின் நீகாத்தா நகரில் 7.5 அளவு நிலநடுக்கம் வந்தது. ஆற்றங்கரையோரம் இருந்த நான்கு மாடிக் குடியிருப்புகள் சில அப்படியே சாய்ந்தன. ஒன்று ஏறக்குறைய முழுதாகவே படுத்துவிட்டது. ஆனால் சுவர், தூண், தளம் எல்லாம் பெரிய சேதம் இல்லாமல் இருந்தன. கட்டடத்தைக் கட்டியவர்கள் ஒழுங்காகத்தான் கட்டியிருந்தார்கள், கீழே இருந்த மணல்தான் கைவிட்டது. தளர்வான மணலில் நீர் நிறைந்திருக்கும்போது பூமி குலுங்கினால், மணல் துகள்கள் நெருங்கி உட்காரப் பார்க்கும். இடையில் இருக்கும் நீர் அவ்வளவு வேகத்தில் வெளியேற முடியாது, அதனால் நீரின் அழுத்தம் ஏறும். ஒரு கட்டத்தில் துகள்கள் ஒன்றையொன்று தாங்கிப் பிடிப்பதை விட்டுவிடும். அப்போது மண் திரவம்போல் நடந்துகொள்ளும். இதைத்தான் மண் திரவமாதல் என்கிறார்கள்.

அதே 1964-ல், மூன்று மாதம் முன்னால், அலாஸ்காவில் 9.2 அளவு நிலநடுக்கம் வந்து ஆங்கரேஜ் நகரில் ஒரு குடியிருப்புப் பகுதியே சரிந்தது. இந்த இரண்டும்தான் நிலநடுக்க மண்ணியல் என்ற துறைக்குப் பெரிய தொடக்கம். அமெரிக்காவின் பெர்க்லி பல்கலைக்கழகத்தில் பேராசிரியராக இருந்த போல்டன் சீட், தன் மாணவராக இருந்த இத்ரிஸுடன் சேர்ந்து 1971-ல் ஒரு எளிய கணிப்பு முறையை வெளியிட்டார். ஓர் இடத்து மண் குலுங்கும்போது திரவமாகுமா என்று பார்க்கும் முறை அது. பலமுறை திருத்தப்பட்டு இன்றும் உலகம் முழுவதும் பொறியாளர்கள் அதன் வழியில்தான் கணக்குப் போடுகிறார்கள். அந்த 1971-லேயே கலிபோர்னியாவில் சான் ஃபெர்னாண்டோ நிலநடுக்கத்தின்போது ஒரு மண் அணையின் மேற்பகுதி நீர்த்தேக்கத்துக்குள் சரிந்தது. நீர் வழியாமல் நின்றதற்குக் காரணம், மீதமிருந்த ஒன்றரை மீட்டர் உயர மண். கீழே இருந்த சுமார் 80,000 பேரை வெளியேற்றினார்கள். 1985-ல் மெக்சிகோ நகரம் இன்னொரு பாடம் கொடுத்தது. நிலநடுக்கத்தின் மையம் 350 கிலோமீட்டருக்கு அப்பால். ஆனாலும் பழைய ஏரிப் படுகைக் களிமண்மேல் இருந்த பகுதிகளில் குலுக்கல் பலமடங்கு பெருகிக் கட்டடங்கள் விழுந்தன.

இதை எல்லாம் உங்களிடம் சொல்வதற்குக் காரணம் உண்டு. இது முடிந்துபோன பாடம் இல்லை. ஒவ்வொரு பெரிய நிலநடுக்கமும் பழைய விடை ஒன்றைச் சோதித்துப் புதுக்கேள்வி ஒன்றை வைத்துவிட்டுப் போகிறது. 2010, 2011-ல் நியூசிலாந்தின் கிரைஸ்ட்சர்ச்சில் திரும்பத் திரும்பத் திரவமான நிலத்தில் இருந்த வீட்டுத் தெருக்களையே அரசு கைவிட முடிவு செய்தது. அப்படிப்பட்ட முடிவுக்குப் பின்னால் மண்ணைப் பற்றிப் பேசத் தெரிந்த ஆட்கள் வேண்டும்.

சரி, பாதைக்கு வருவோம். இளநிலைக்குப் பிறகு முதுகலை ஒன்று அல்லது இரண்டு ஆண்டு. பிஎச்.டி. நான்கிலிருந்து ஆறு ஆண்டு. அப்புறம் பெரும்பாலானவர்கள் இன்னொரு இடத்தில் ஓரிரு ஆண்டு போஸ்ட்-டாக், அதாவது பிஎச்.டி.க்குப் பிந்தைய தற்காலிக ஆராய்ச்சிப் பணி செய்கிறார்கள். உதவிப் பேராசிரியராகச் சேரும்போது வயது முப்பதைத் தொட்டிருக்கும், தாண்டியும் இருக்கலாம். இந்தக் கணக்கை முதலிலேயே வீட்டில் எல்லாரும் உட்கார்ந்து பேசிவிடுங்கள். ஒரு விஷயத்தில் மட்டும் கறாராக இருங்கள்: உதவித்தொகை இல்லாமல் பிஎச்.டி.யில் சேர வேண்டாம். கைக்காசைப் போட்டுச் செய்கிற ஆராய்ச்சி மூன்றாம் ஆண்டில் குடும்பத்துக்கும் பாரம், அவள் மனதுக்கும் பாரம்.

உதவிப் பேராசிரியரான முதல் ஐந்தாறு ஆண்டுகள்தான் மிகக் கடினமானவை. புதிதாகப் பாடம் தயாரிக்க வேண்டும், ஆய்வகத்தைக் கட்டியெழுப்ப வேண்டும், ஆராய்ச்சி நிதிக்குத் திட்டம் எழுத வேண்டும், அதில் பல நிராகரிக்கப்படும், மாணவர்களுக்கு வழிகாட்ட வேண்டும், கட்டுரைகள் வெளியிட வேண்டும். அதற்குப் பிறகுதான் மதிப்பீடு, நிரந்தரம், இணைப் பேராசிரியர், பேராசிரியர் என்று படிகள் வரும். வெளியிலிருந்து பார்ப்பவர்களுக்கு வகுப்பில் நிற்கும் பேராசிரியர்தான் தெரிவார். அவருடைய வாரத்தில் வகுப்பு ஒரு பகுதிதான். இந்தத் துறையில் இன்னொரு வேலையும் சேரும். நிலநடுக்கம் நடந்த சில நாட்களில் மூட்டையைக் கட்டிக்கொண்டு களத்துக்குப் போக வேண்டும். நிலத்தின் வெடிப்பு வழியாகப் பீய்ச்சியடித்த மணல் குவியல்களை மழை கரைத்துவிடும், ஊர்க்காரர்கள் பெருக்கிவிடுவார்கள். அதற்குள் அளந்தாக வேண்டும், படம் எடுத்தாக வேண்டும்.

இப்போது ஆய்வகத்துக்குள் கொஞ்சம் எட்டிப் பாருங்கள். ஏனென்றால் அவளுடைய இருபதுகள் பெரும்பாலும் அங்கேதான் கழியும்.

டிரையாக்ஸியல் என்று ஒரு சோதனை. 7 செ.மீ. விட்டம், 14 செ.மீ. உயரத்தில் ஒரு மணல் உருளையை மெல்லிய ரப்பர் உறைக்குள் அடுக்கடுக்காகத் தட்டி உருவாக்குவார்கள். அதற்குள் இருக்கும் காற்றை விரட்டக் கார்பன் டை ஆக்சைடைச் செலுத்தி, பிறகு காற்று நீக்கிய நீரை மெதுவாக ஏற்றுவார்கள். ஒரு குமிழி மிச்சம் இருந்தாலும் அளவு பொய் சொல்லும். அதனால் வெளி அழுத்தத்தைக் கூட்டிப் பார்ப்பார்கள். கூட்டியதில் குறைந்தது 95 சதவீதமாவது உள்ளே இருக்கும் நீரில் தெரிந்தால்தான் மணல் முழுக்க நனைந்திருக்கிறது என்று ஒத்துக்கொள்வார்கள். இதற்கே ஒரு நாள், சில நேரம் இரண்டு நாள் ஆகும். பிறகு நிலநடுக்கம்போல மேலும் கீழும் அழுத்துவார்கள். அது சில நிமிட வேலை. திரையில் நீர் அழுத்தக் கோடு படிப்படியாக ஏறும். பிறகு திடீரென்று உருளை பலம் இழந்து, இடுப்பு ஒடுங்கித் தொய்ந்து நிற்கும். அந்தக் கடைசி நிமிடத்தைப் பார்த்தவர்கள் அதை மறப்பதில்லை. ஆனால் ரப்பர் உறையில் ஊசிமுனை அளவு ஓட்டை இருந்திருந்தால் இரண்டு நாள் உழைப்பும் போச்சு, மறுபடி முதலிலிருந்து. இப்படி அறுபது, எழுபது சோதனை செய்தால் ஒரு ஆய்வேட்டில் இரண்டு அத்தியாயம் வரும்.

இந்தப் பொறுமை அவளுக்கு இருக்கிறதா என்பதுதான் மதிப்பெண்ணைவிட முக்கியம். ஐயா, அதை நீங்களோ நானோ சொல்ல முடியாது, அவளேதான் கண்டுபிடிக்க வேண்டும்.

எல்லாரும் ஆய்வகத்திலேயே இருக்க வேண்டும் என்றும் இல்லை. சிலர் சென்ட்ரிஃபியூஜ் என்ற சுழலும் இயந்திரத்தில் சோதனை செய்கிறார்கள். 50-ல் ஒரு பங்கு அளவுள்ள மாதிரியை, ஈர்ப்பு விசையைப்போல 50 மடங்கு விசை உண்டாகும் வேகத்தில் சுழற்றினால், அந்தச் சிறிய மண் உண்மையான ஆழத்து மண்ணைப்போல அழுத்தத்தை உணரும். சிலர் கணினிக்காரர்கள்: ஓப்பன்சீஸ், ஃபிளாக், பிளாக்சிஸ் போன்ற மென்பொருள்களில் அணையையும் அடித்தளத்தையும் மாதிரியாக்கிக் குலுக்கிப் பார்க்கிறார்கள். ஒன்றில் ஆழமாகப் போகட்டும், இன்னொன்றில் கை பழகியிருக்கட்டும். கணினி மட்டும் தெரிந்து மண்ணைத் தொடாதவர்கள் போடும் எண்கள்மேல் எனக்கு நம்பிக்கை வருவதில்லை.

கைடு, அதாவது பிஎச்.டி.க்கு வழிகாட்டும் பேராசிரியர் விஷயத்தில் ஒரு எச்சரிக்கை. என்னிடம் ஆலோசனை கேட்ட ஒரு மாணவர், பெயர்பெற்ற ஒரு நிறுவனத்தில், கருவிப் பட்டியலைப் பார்த்துவிட்டுச் சேர்ந்தார். போன பிறகுதான் தெரிந்தது, அவருக்கு வேண்டிய கருவி பழுதாகி மூலையில் கிடக்கிறது, சரிசெய்ய நிதி இல்லை. தலைப்பை மாற்றி மீண்டுவர அவருக்கு இரண்டு ஆண்டு போனது. நானும் அந்தப் பட்டியலை நம்பித்தான் போகச் சொன்னேன், அது இன்றும் உறுத்துகிறது. அன்றிலிருந்து எல்லாரிடமும் சொல்வது இது: சேருமுன் அந்தக் கைடிடம் இப்போது படிக்கும் இரண்டு மாணவர்களிடமும் முடித்துப்போன ஒருவரிடமும் பேசுங்கள். கருவி ஓடுகிறதா, முடிக்க எத்தனை ஆண்டு ஆனது, முடித்தவர்கள் இப்போது எங்கே இருக்கிறார்கள் என்று கேளுங்கள். நிறுவனத்தின் பெயரைவிட இந்த மூன்று விடைகளுக்கு எடை அதிகம்.

இனி உங்கள் பயத்துக்கு வருகிறேன்: "கடைசியில் பேராசிரியர் வேலை கிடைக்காவிட்டால்?"

முதுகலையோடு நின்றாலே மண் ஆய்வு, பைல் அடித்தளம் (ஆழமாக இறக்கும் தூண்கள்), சுரங்கப்பாதை, மெட்ரோ, துறைமுகம் என்று ஆலோசனை நிறுவனங்களில் வேலை இருக்கிறது. பிஎச்.டி. முடித்தால் அணைப் பாதுகாப்பு, அணுமின் நிலைய இடத் தேர்வு, கடலில் நிற்கும் காற்றாலைகளின் அடித்தளம், காப்பீட்டு நிறுவனங்களின் நிலநடுக்க அபாயக் கணிப்பு என்று வட்டம் விரியும். 2019 ஜனவரியில் பிரேசிலின் புரூமாடின்யோவில் சுரங்கக் கழிவை அடைத்து வைத்த அணை உடைந்து 270 பேர் இறந்தார்கள். அங்கே நிலநடுக்கம் இல்லாமலேயே அந்தக் கழிவு திரவமானது என்று நிபுணர் குழு சொன்னது. அடுத்த ஆண்டே அப்படிப்பட்ட அணைகளுக்கு உலக அளவிலான தரநிலை ஒன்று வந்தது. மண் திரவமாவதைப் பற்றி ஐந்து ஆண்டு படித்த ஒரு பெண்ணின் படிப்பு, பேராசிரியர் நாற்காலி இல்லாவிட்டாலும், அந்த இடத்தில் தேவைப்படுகிறது.

வெளியே போனால் திரும்ப முடியாது என்றும் நினைக்க வேண்டாம். மேலே சொன்ன இத்ரிஸ் பல ஆண்டுகள் ஆலோசனை நிறுவனத்தில் பணியாற்றிவிட்டு, 1980-களின் இறுதியில்தான் டேவிஸ் பல்கலைக்கழகத்தில் பேராசிரியராகப் போனார். இந்தத் துறையின் பெரிய பெயர்களில் ஒருவரான ரால்ஃப் பெக், டாக்டர் பட்டம் வாங்கியது கட்டமைப்புப் பொறியியலில். அப்புறம்தான் மண்ணுக்கு வந்து, சிகாகோ சுரங்க ரயில் பணியில், மண் இயந்திரவியலின் தந்தை எனப்படும் டெர்சாகியின் ஆளாகக் களத்தில் கற்றுக்கொண்டார். பேராசிரியராக இருந்துகொண்டே களத்தில் நிற்பவர்களும் உண்டு. ஜம்மு-காஷ்மீரின் செனாப் ரயில் பாலத்தின் மலைச்சரிவுகள் நிலைத்து நிற்க ஆலோசனை சொன்ன மாதவி லதா, பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்தின் பேராசிரியர். 2025-ல் திறக்கப்பட்ட அந்தப் பாலத்துக்கு அவர் ஆண்டுக்கணக்கில் வேலை செய்திருக்கிறார். பாறை தோண்டத் தோண்டத் தெரியவந்ததை வைத்து வடிவமைப்பை மாற்றிக்கொண்டே போனார்கள்.

இப்போதைக்கு அவள் செய்ய வேண்டியது பெரிதாக ஒன்றும் இல்லை. மீதமிருக்கும் விருப்பப் பாடங்களில் நிலவியல் (ஜியாலஜி) ஒன்று, கட்டமைப்பு இயக்கவியல் ஒன்று எடுக்கட்டும். நிகழ்தகவையும் வகைக்கெழுச் சமன்பாடுகளையும் தூசி தட்டட்டும். பைதான் பழகட்டும். வாரம் ஒரு பக்கம், படித்ததை யாருக்காவது புரியும்படி எழுதட்டும். பேராசிரியர் வேலையில் பாதி எழுத்துதான், அதை யாரும் முதலில் சொல்வதில்லை.

அப்புறம், பக்கத்தில் எங்காவது மண்ணைச் சோதிக்க போர்ஹோல் (துளை) போடும் இடத்துக்கு ஒரு நாள் போய் நிற்கட்டும். 63.5 கிலோ சுத்தியல் 76 செ.மீ. உயரத்திலிருந்து விழும், குழாய் மண்ணுக்குள் 30 செ.மீ. இறங்க எத்தனை முறை அடிக்க வேண்டியிருக்கிறது என்று எண்ணுவார்கள். தளர்ந்த மணலில் பத்து முறை அடிப்பதற்குள்ளேயே இறங்கிவிடும். அந்த எண்ணை அவள் தன் கையால் குறிப்பேட்டில் எழுதட்டும். வகுப்பில் படித்த கணக்கெல்லாம் எங்கிருந்து கிளம்புகிறது என்று அன்றைக்குத் தெரியும்.

அடுத்த விடுமுறையில் அவளுடைய மண் இயந்திரவியல் ஆசிரியரிடம் கேட்டு இரண்டு வாரம் ஆய்வகத்தில் உதவிக்கு நிற்க அனுமதி வாங்கட்டும். சம்பளம் கேட்க வேண்டாம். மாதிரி தயாரிப்பதிலிருந்து கருவியைக் கழுவி வைப்பதுவரை கூட நிற்கட்டும். அது முடிந்ததும் அவளையே எனக்கு எழுதச் சொல்லுங்கள். சோதனை ஏதாவது கெட்டுப்போன அன்று மறுநாள் காலை என்ன செய்தாள் என்பதை மறக்காமல் எழுதச் சொல்லுங்கள். முதுகலைக்கு எங்கே விண்ணப்பிக்கலாம் என்பதை அதைப் படித்துவிட்டுப் பேசுவோம்.