பழைய காரில் ஏபிஎஸ் இருக்கிறதா? இரும்புக் குழாய்களை எண்ணிப் பாருங்கள்

கேள்வி: 1998 மாடல் செடான் ஒன்றை அதன் மூன்றாவது உரிமையாளராக வாங்கியிருக்கிறேன். ஏபிஎஸ் (பலமாக பிரேக் பிடிக்கும்போது சக்கரம் நின்று வழுக்காமல் தடுக்கும் அமைப்பு) உண்டு என்று விற்றவர் சொன்னார். ஆனால் டேஷ்போர்டில் அப்படி ஒரு விளக்கு எரிந்து நான் பார்த்ததே இல்லை. மெக்கானிக்கிடம் கேட்டால், பானட்டைத் திறந்து ஒரு பெரிய கறுப்பு உருளையைக் காட்டி 'இதுதான் ஏபிஎஸ்' என்கிறார். பின்சக்கரங்களில் டிரம் பிரேக்தான் இருக்கிறது. உண்மையை நானே எப்படித் தெரிந்துகொள்வது? இல்லையென்றால் பொருத்திக்கொள்ள முடியுமா?

பதில்: முதலில் அந்தக் கறுப்பு உருளை. அது ஏபிஎஸ் இல்லை, வேக்கும் பூஸ்டர். இன்ஜின் உறிஞ்சும் காற்றின் பலத்தைக் கொண்டு உங்கள் கால் அழுத்தத்தைக் கூட்டிக் கொடுப்பது மட்டும்தான் அதன் வேலை. ஏபிஎஸ் இல்லாத கார்களிலும் அது இருக்கும். அதேபோல, பின்னால் டிரம் இருப்பதை வைத்தும் எதையும் முடிவு செய்ய முடியாது. டிரம் பிரேக்கோடு ஏபிஎஸ் வந்த கார்கள் ஏராளம்.

உங்கள் காரின் ஆண்டுதான் இந்தக் குழப்பத்துக்குக் காரணம். பாஷ் நிறுவனத்தின் மின்னணு ஏபிஎஸ் 1978-ல் மெர்சிடிஸ் எஸ் கிளாஸில் விருப்பத் தேர்வாக வந்தது. ஐரோப்பியத் தயாரிப்பாளர்கள் எல்லாப் புதிய பயணிகள் கார்களிலும் அதைக் கட்டாயம் தருவதென்று ஒப்புக்கொண்டு நடைமுறைக்குக் கொண்டுவந்தது 2004-ல். இடைப்பட்ட 26 ஆண்டுகளில் வெளிவந்த பல மாடல்கள் இரண்டு விதமாகவும் விற்கப்பட்டன. ஒரே பெயர், ஒரே ஆண்டு, ஒரே நிறம். ஒன்றில் இருக்கும், மற்றதில் இருக்காது. எனவே மாடல் பெயரைப் போட்டுத் தேடிக் கிடைக்கும் பதிலை நம்ப வேண்டாம். கையேடும் உதவாது, அது எல்லா வகைக்கும் பொதுவாக அச்சடித்தது. பின்பக்கம் ஒட்டியிருக்கும் 'ஏபிஎஸ்' என்ற பேட்ஜைப் பற்றிச் சொல்லவே வேண்டாம்; பசை இருந்தால் யாரும் ஒட்டலாம்.

நான் முதலில் பார்ப்பது குழாய்களைத்தான். பானட்டைத் திறந்து, பிரேக் ஆயில் டப்பாவைக் கண்டுபிடியுங்கள். அதற்குக் கீழே இருப்பது மாஸ்டர் சிலிண்டர். அதிலிருந்து பென்சிலைவிட மெல்லிய இரும்புக் குழாய்கள், பெரும்பாலும் இரண்டு, கிளம்பும். அவை எங்கே போகின்றன என்று கண்ணால் தொடர்ந்து போங்கள். ஏபிஎஸ் உள்ள காரில் அவை ஓர் அலுமினியக் கட்டிக்குள் நுழையும். ஏறக்குறைய செங்கல்லில் பாதி அளவு இருக்கும். ஒரு பக்கம் உருண்டையான சின்ன மோட்டார், இன்னொரு பக்கம் கொத்தாக ஒயர்கள் செருகிய கனெக்டர். இரண்டு குழாய் உள்ளே, சக்கரத்துக்கு ஒன்றாக நான்கு குழாய் வெளியே, ஆக ஆறு. பழைய கார்கள் சிலவற்றில் பின்சக்கரங்கள் இரண்டுக்கும் சேர்த்து ஒரே குழாய் போகும், அப்போது ஐந்து.

இங்கே ஒரு தடுமாற்றம் வரலாம். ஏபிஎஸ் இல்லாத கார்களிலும் குழாய்கள் கூடிப் பிரியும் சின்ன உலோகத் துண்டு ஒன்று இருப்பதுண்டு. பின்சக்கரங்களுக்குப் போகும் அழுத்தத்தைக் குறைக்கும் வால்வு அது. வித்தியாசம் ஒயரில் இருக்கிறது. மோட்டாரும் பல ஒயர் கொண்ட கனெக்டரும் இல்லையென்றால் அது ஏபிஎஸ் இல்லை. எச்சரிக்கை விளக்குக்காக ஒற்றை ஒயர் மட்டும் போயிருந்தால் அதைக் கணக்கில் சேர்க்காதீர்கள்.

எண்பதுகளின் நடுவில் வந்த சில கார்களில் பூஸ்டரே இருக்காது. மாஸ்டர் சிலிண்டர், பம்ப், ஏபிஎஸ் எல்லாம் ஒரே தொகுப்பாக, பக்கத்தில் கறுப்புப் பந்துபோல ஒன்று ஒட்டிக்கொண்டிருக்கும். 1985-ல் வந்த ஃபோர்டு ஸ்கார்பியோவில் இருந்தது இந்த வகை. அந்தப் பந்துக்குள் ஆயில் கடும் அழுத்தத்தில் அடைபட்டிருக்கும். பார்ப்பதில் ஆபத்தில்லை, ஆனால் சாவியை எடுத்துவிட்டு, பெடலை இருபது முப்பது தடவையாவது மிதித்து அழுத்தத்தை இறக்காமல் அதன் குழாய் எதையும் கழற்றக் கூடாது. உங்கள் 1998 காரில் இது இருக்க வாய்ப்புக் குறைவு, தெரிந்து வைத்துக்கொள்ளலாம் என்பதற்காகச் சொன்னேன்.

அடுத்தது சக்கரம். முன்சக்கரத்தை ஒரு பக்கமாக முழுதும் திருப்பி, டார்ச் அடித்து உள்ளே பாருங்கள். பிரேக்குக்குப் போகும் தடித்த ரப்பர் ஓஸ் தெரியும். அதை ஒட்டி மெல்லிய ஒயர் ஒன்று ஹப் (சக்கரம் மாட்டும் நடுப்பகுதி) வரை போய் அங்கே ஒரு சின்ன சென்சாரில் முடிந்தால், அது சக்கர வேகத்தை அளக்கும் சென்சார். பிரேக் பேடு தேய்ந்தால் எச்சரிக்கும் ஒயரும் சில கார்களில் உண்டு, ஆனால் அது பேடுக்குப் போகும், ஹப்புக்குப் போகாது. ஆக்ஸில் (சக்கரத்தைச் சுழற்றும் தண்டு) முனையில், சென்சார் படிக்கும் பல் வெட்டிய வளையம் மட்டும் தெரிந்தால் அவசரப்பட்டுச் சந்தோஷப்பட வேண்டாம். கடையில் வாங்கி மாற்றும் ஆக்ஸில்கள் பல, இரண்டு வகைக் காருக்கும் பொருந்தட்டும் என்று அந்த வளையத்தோடே வருகின்றன. இதன் மறுபக்கமும் நடக்கிறது. ஏபிஎஸ் உள்ள காருக்கு வளையம் இல்லாத ஆக்ஸிலைப் போட்டுவிட்டால், அந்தச் சக்கரத்தின் வேகம் சிஸ்டத்துக்குத் தெரியாமல் போய் ஏபிஎஸ் செத்துவிடும். அப்படி நடந்தால் சிலர் செய்வது என்ன தெரியுமா? விளக்கின் பல்பைப் பிடுங்கிவிடுவார்கள்.

நீங்கள் விளக்கு எரிந்தே பார்த்ததில்லை என்று எழுதியிருப்பதால் இதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன். இன்ஜினை ஸ்டார்ட் செய்யாமல் சாவியை மட்டும் ஆன் நிலைக்குத் திருப்புங்கள். ஏபிஎஸ் உள்ள காரில் மஞ்சள் அல்லது ஆரஞ்சு நிறத்தில் அந்த விளக்கு எரியவேண்டும். பெரும்பாலான கார்களில் சில விநாடிகள் தன்னைத்தானே சோதித்துக்கொண்டு தானாக அணையும். சிவப்பு பிரேக் விளக்கு வேறு. அது ஹேண்ட் பிரேக்கையும் பிரேக் ஆயில் மட்டத்தையும் சொல்வது. மஞ்சள் விளக்கு எரியவே இல்லையென்றால் மூன்று சாத்தியம்: ஏபிஎஸ் இல்லை, பல்பு தானே போய்விட்டது, அல்லது யாரோ எடுத்துவிட்டார்கள்.

இதைவிடத் தந்திரமான ஆட்களும் உண்டு. விளக்கின் ஒயரை பேட்டரி சார்ஜ் விளக்கோடோ இன்ஜின் ஆயில் விளக்கோடோ சேர்த்து முடிந்துவிடுவார்கள். சாவி போட்டால் எரியும், இன்ஜின் ஓடினால் அணையும், வாங்குபவர் திருப்தியாகத் தலையாட்டிவிட்டுப் போவார். சந்தேகம் வந்தால், சாவியை ஆன் நிலையிலேயே அரை நிமிடம் விட்டுப் பாருங்கள். ஏபிஎஸ் விளக்கும் ஆயில் விளக்கும் விடாமல் சேர்ந்தே எரிந்து, ஸ்டார்ட் செய்ததும் ஒரே நொடியில் சேர்ந்தே அணைந்தால் தோண்டிப் பார்க்கவேண்டிய விஷயம். (இன்ஜின் ஓடினால்தான் அணையும்படி நேர்மையாகவே வடிவமைத்த பழைய கார்களும் இருக்கின்றன, எனவே உடனே விற்றவரோடு சண்டைக்குப் போகவேண்டாம்.) இதை உடைக்க எளிய வழி: வண்டியை நிறுத்திவிட்டு ஏபிஎஸ் பியூஸைக் கழற்றி, மறுபடி ஸ்டார்ட் செய்யுங்கள். பெரும்பாலான கார்களில் விளக்கு அணையாமல் எரிந்துகொண்டே இருக்கவேண்டும். ஒன்றும் நடக்காததுபோல அணைந்தால், அது சொல்வது உண்மையில்லை என்று வைத்துக்கொள்ளலாம். பியூஸ் பாக்ஸ் மூடியில் 'ஏபிஎஸ்' என்று எழுதியிருப்பது மட்டும் சாட்சியாகாது. அந்த இடத்தில் பியூஸ் இருக்கிறதா, அதைக் கழற்றினால் உள்ளே உலோக முனைகள் இருக்கின்றனவா, வெறும் ஓட்டையா என்று பாருங்கள்.

கட்டி இருக்கிறது, சென்சார் ஒயர் இருக்கிறது, விளக்கும் ஒழுங்காக நடந்துகொள்கிறது. சரி, அப்படியானால் கார் ஏபிஎஸ்ஸோடு பிறந்திருக்கிறது. அது இன்றைக்கு வேலை செய்கிறதா என்பது தனிக் கேள்வி. ஆளில்லாத, நீளமான, ஈரமான இடம் கிடைத்தால் மட்டும் ஓட்டிப் பாருங்கள். டயர், பிரேக், ஆயில் எல்லாம் நல்ல நிலையில் இருக்கவேண்டும், பின்னால் யாரும் வரக்கூடாது, சீட் பெல்ட் கட்டாயம். 40 கிலோமீட்டர் வேகத்தில் ஸ்டீயரிங்கை நேராகப் பிடித்துக்கொண்டு பெடலை முழு பலத்தோடு மிதித்து அப்படியே அழுத்திப் பிடியுங்கள். ஏபிஎஸ் வேலை செய்தால் பெடல் காலுக்கடியில் படபடவென்று உதைக்கும், முன்னாலிருந்து கரகரவென்று ஒரு சத்தம் வரும். முதல் தடவை கேட்பவர்கள் ஏதோ உடைந்துவிட்டது என்று பயந்து காலை எடுத்துவிடுவார்கள். எடுக்கக் கூடாது. ஏபிஎஸ் இல்லையென்றால் சக்கரம் அப்படியே நின்று, கார் வழுக்கிக்கொண்டு போகும். கடைசி ஓரிரு அடியில், நடை வேகத்துக்குக் கீழே வந்ததும், ஏபிஎஸ் உள்ள காரிலும் சக்கரம் நின்றுவிடுவது சகஜம். அதைப் பழுது என்று எண்ணாதீர்கள். உலர்ந்த சாலையில் மெதுவாக மிதித்துவிட்டு 'ஒன்றும் உதறவில்லை' என்று சொல்வதிலும் பொருளில்லை. சக்கரம் நிற்கப் பார்த்தால்தான் அதற்கு வேலையே வரும்.

ஸ்கேனர் வைத்திருக்கும் பட்டறைக்குப் போனால், ஏபிஎஸ் யூனிட்டைப் படிக்கக்கூடிய ஸ்கேனரா என்று கேட்டுக்கொள்ளுங்கள். மலிவான கருவிகள் பல இன்ஜினோடு மட்டும்தான் பேசும். அதில் ஒன்றும் வரவில்லை என்பதை வைத்து ஏபிஎஸ் இல்லை என்று முடிவுகட்ட முடியாது. எல்லாம் பார்த்தும் குழப்பம் தீராவிட்டால், சேசிஸ் எண்ணைக் கொடுத்து அந்தத் தயாரிப்பாளரின் உதிரிபாகப் பிரிவில் கேளுங்கள். எந்தப் பொருளோடு ஆலையிலிருந்து வெளியே வந்தது என்ற பதிவு அவர்களிடம் பெரும்பாலும் இருக்கும்.

பொருத்த முடியுமா என்று கேட்டிருந்தீர்கள். அதே மாடலின் ஏபிஎஸ் வகை ஒன்று உடைப்புக்கு வந்து, அதிலிருந்து யூனிட், கம்ப்யூட்டர், ஒயரிங், நான்கு ஹப், குழாய்கள் எல்லாவற்றையும் மொத்தமாக மாற்றினால் முடியும். அந்தக் காருக்கு அவ்வளவு செலவு செய்ய நான் சொல்லமாட்டேன். கடையில் 'ஏபிஎஸ் கிட்' என்று குழாயில் சொருகும் சின்ன சிலிண்டரைக் காட்டினால் வாங்காதீர்கள். சக்கரம் நிற்கிறதா என்று அறிய அதற்கு வழியே இல்லை. அந்தப் பணத்தில் நல்ல டயர் போடுங்கள், பிரேக் ஆயிலை முழுதாக மாற்றுங்கள். அப்புறம் காலுக்கு ஒரு பழக்கம் வேண்டும்: சக்கரம் நின்று வண்டி வழுக்குவது தெரிந்ததும் பெடலைச் சற்றே தளர்த்தி, சக்கரம் உருளத் தொடங்கியதும் மறுபடி மிதிப்பது. ஏபிஎஸ் இருக்கும் காரில் இதைச் செய்தால் நிற்கும் தூரம்தான் கூடும்.