17 அடித் தெருவில் 11 கார்: எங்கே நிறுத்துவது?

கேள்வி: நாகர்கோவில் கோட்டாறு பக்கம் ஒரு பழைய தெருவில் குடியிருக்கிறோம். 26 வீடுகள், 11 கார்கள். தெரு முன்பாதியில் 17 அடி அகலம், வளைவு தாண்டினால் 13 அடிதான். போன மாதம் எதிர்வீட்டுப் பெரியவருக்கு மூச்சுத்திணறல் வந்தபோது 108 வண்டி முக்கிலேயே நின்றுவிட்டது. நாற்காலியில் உட்காரவைத்துத் தூக்கிக்கொண்டு ஓடினோம். எங்களுக்கும் ஒரு கார் உண்டு. ஷெட் இல்லாததால் 13 அடிப் பகுதியில் வீட்டு முன்னால்தான் நிற்கிறது. யாரிடம் போய் என்ன சொல்வது?

பதில்: நான் தீயணைப்புத் துறையில் பல வருடம் வண்டியோடு தெருத்தெருவாகப் போனவன். அந்த வண்டியை வைத்தே கணக்குச் சொல்கிறேன்.

தீயணைப்பு வண்டியின் உடம்பு எட்டு அடிக்கு மேல் இருக்கும். இரண்டு பக்கக் கண்ணாடியையும் சேர்த்து, ஓட்டுநர் தயங்காமல் நேராகப் போக 10 அடி வேண்டும். ஒரு ஸ்விஃப்ட் காரின் அகலம் 5 அடி 8 அங்குலம். சுவரிலிருந்து அரை அடி தள்ளி நிறுத்தினால் ஆறே கால் அடி போய்விடும். 17 அடியில் மிச்சம் 10 அடி 9 அங்குலம், வண்டி நுழையும். 13 அடியில் மிச்சம் ஆறே முக்கால் அடிதான், நுழையாது. உங்களுக்குக் கஷ்டமாக இருக்கும், ஆனாலும் சொல்லியாக வேண்டும்: உங்கள் வீட்டு முன்னால் கார் நிற்கக் கூடாது. அந்தப் பகுதியில் பைக் மட்டும், அதுவும் ஒரே பக்கம், சுவரை ஒட்டி நீளவாக்கில் நிற்கலாம்.

அகலத்தைவிட முக்கியம் முக்கு. பெரும்பாலும் ஆம்புலன்ஸ் தெருவுக்குள் போய்ச் சிக்குவதில்லை, தெருவுக்குள் திரும்ப முடியாமல்தான் நிற்கிறது. நீளமான வண்டி திரும்பும்போது பின்சக்கரம் உள்பக்கமாக வெட்டிக்கொண்டு வரும். முக்கில் ஒரு கார் நின்றால் அந்த இடம் அடைபடுகிறது. ஒருமுறை சமையலறைத் தீ என்று போய், முக்கில் நின்ற ஒரே ஒரு காரால் வண்டியை வெளியே விட்டுவிட்டுக் குழாயை இழுத்துக்கொண்டு ஓடினோம். தீயை அணைத்துவிட்டோம், ஆனால் அதற்குள் கூரை போய்விட்டது. அதனால் முக்கிலிருந்தும் வளைவிலிருந்தும் 20 அடிக்கு எதுவும் நிற்க வேண்டாம் என்பதைத்தான் தெருக்கூட்டத்தில் முதலில் பேசுங்கள்.

முன்பாதியை ஒரே பக்கமாக வைத்துக்கொள்ளுங்கள். "ஒருநாள் இந்தப் பக்கம், மறுநாள் அந்தப் பக்கம்" என்று யாராவது சொல்வார்கள். அகலத் தெருவுக்கு அது நல்ல யோசனைதான். உங்கள் தெருவில் யாரோ ஒருவர் மறந்து பழைய பக்கமே நிறுத்தினால் பாதை வளைந்து நெளிந்துவிடும், பெரிய வண்டியால் நெளிய முடியாது. மின்கம்பமும் ஓடை சிலாப்பும் இல்லாத பக்கமாகத் தேர்ந்தெடுங்கள். பழைய சிலாப்பு கார் பாரத்தில் உடைந்தால் மழைக்காலத்தில் ஓடை அடைத்துக்கொள்ளும்.

முன்பாதி 200 அடி நீளம் என்று வைத்துக்கொள்வோம். முக்குக்கும் வளைவுக்கும் 40 அடி, வீட்டு வாசல்களுக்கு ஒரு 40 அடி போனால் மிச்சம் 120. ஒரு காருக்கு 18 அடி வீதம் 6 கார் நிற்கலாம். மீதி 5 காருக்கு வெளியே இடம் தேட வேண்டும். பக்கத்துக் காலி மனை, கல்யாண மண்டப வளாகம், கோயில் அல்லது தேவாலய மைதானம் என்று கேட்டுப் பாருங்கள், இரவு மட்டும் என்றால் பலர் சம்மதிப்பார்கள். வாடகையை 11 பேரும் பகிர்ந்துகொள்ளுங்கள். வெளியே நிறுத்துகிறவர் மட்டும் சுமப்பது நியாயமில்லை.

நம் மாவட்டத்தில் இன்னொன்று உண்டு. வீட்டுக்காரர் வெளிநாட்டில் இருப்பார், கார் மட்டும் கவர் போட்டு வருடம் முழுக்கத் தெருவில் நிற்கும். பேட்டரி இறங்கி, டயர் அமுங்கி, அவசரத்துக்குத் தள்ளக்கூட முடியாது. வெளியே அனுப்ப வேண்டிய ஐந்தில் முதல் கார் அதுதான். ஒக்கி புயலுக்குப் பிறகு, விழுந்த மரங்களை அறுக்கப் போன இடங்களிலும் இப்படிப்பட்ட கார்களோடுதான் மல்லுக்கட்டினோம்.

சட்டம் உங்கள் பக்கம் இருக்கிறது. வீட்டு முன்னால் இருக்கும் சாலை வீட்டுக்காரருக்குச் சொந்தமில்லை. கல்லும் பூந்தொட்டியும் வைத்து இடம் பிடிப்பது ஆக்கிரமிப்பு. சாலைக்குள் நீட்டிக் கட்டிய சாய்தளமும் அப்படியே. 2017-ல் வந்த வாகன ஓட்டுதல் ஒழுங்குமுறைகள் அடுத்தவர் வாசலை மறிப்பதையும், நடைபாதையில் நிறுத்துவதையும், நிற்கும் வண்டிக்குப் பக்கத்தில் இன்னொன்றை நிறுத்துவதையும் தடுக்கின்றன. 2019 திருத்தத்துக்குப் பிறகு அபராதம் முதல் தடவை 500 ரூபாய், அடுத்து 1,500. ஆனால் அபராதத்தில் தொடங்கினால் தெரு இரண்டாகப் பிரிந்துவிடும். முதலில் நாடா பிடித்து அளந்து, அகலம், வாசல், கம்பம் எல்லாம் குறித்து ஒரு வரைபடம் போடுங்கள். 26 வீட்டுக் கையெழுத்தோடு மாநகராட்சிக்கும் போக்குவரத்துக் காவல் பிரிவுக்கும் மனு கொடுங்கள். முக்கில் "நிறுத்தக் கூடாது" பலகையும் கோடும் கேளுங்கள். நடக்கவில்லை என்றால் திங்கட்கிழமை கலெக்டர் அலுவலகக் குறைதீர் கூட்டத்தில் அதே வரைபடத்தைக் கொடுங்கள்.

மனு நகர்வதற்குள் இன்று இரவே செய்யக்கூடியவை சில உண்டு. நிறுத்தியதும் கண்ணாடியை மடக்குங்கள், சக்கரத்தை நேராக்குங்கள். திருப்பிவிட்ட டயர் வெளியே துருத்திக்கொண்டு நிற்கும். உள்ளே கண்ணாடியோரம் போன் நம்பரை எழுதி வையுங்கள். ஊருக்குப் போனால் சாவியைப் பக்கத்து வீட்டில் கொடுத்துவிட்டுப் போங்கள். சவேரியார் கோயில் திருவிழா நாட்களில் உறவினர் கார்கள் எங்கே நிற்கும் என்பதை முந்தின வாரமே பேசி, இருட்டின பிறகு முக்கைப் பார்த்துக்கொள்ள இரண்டு இளைஞர்களை நிறுத்துங்கள்.