பால் அளவுப் பெட்டியில் எழுத்து நுழைந்தால்

கேள்வி: எங்கள் பால் சங்கத்தின் வரவுப் பதிவுக்காக எக்செல் மேக்ரோவில் ஒரு யூசர்ஃபார்ம் (பெட்டிகளில் தட்டிப் பதியும் படிவம்) செய்திருக்கிறேன். லிட்டர் பெட்டியில் ஒருவர் 10.5 என்பதற்குப் பதிலாக, சுழியத்தின் இடத்தில் ஆங்கில 'ஓ' எழுத்தைத் தட்டிவிட்டார். பிழைச் செய்தி எதுவும் வரவில்லை. மாலையில் மொத்தம் மட்டும் குறைந்தது. எண்ணைத் தவிர வேறெதுவும் ஏறாதபடி அந்தப் பெட்டியைப் பூட்ட முடியுமா?
– ஒரு வாசகர், ஈரோடு மாவட்டம்

பதில்: முடியும், ஆனால் விசைப்பலகையை மட்டும் பூட்டினால் போதாது. டெக்ஸ்ட்பாக்ஸ், அதாவது படிவத்தில் தட்டும் பெட்டி, தருவது எப்போதும் எழுத்துச் சரம்தான். அது எண் போல இருந்தால் கலத்தில் எழுதப்படும்போது எக்செல் எண்ணாக மாற்றிக்கொள்ளும். இல்லையென்றால் எழுத்தாகவே வைத்துக்கொள்ளும். எழுத்துள்ள கலத்தை, மொத்தம் கூட்டும் சம் சார்பு ஓசையில்லாமல் தாண்டிப் போய்விடும் என்பதால்தான் உங்கள் மொத்தம் குறைந்தது.

முதலில், பெட்டியின் கீபிரஸ் நிகழ்வில் (ஒவ்வொரு விசை தட்டும்போதும் ஓடும் நிரலில்) கீஆஸ்கி மதிப்பை, அதாவது தட்டிய குறியின் எண்ணைப் பாருங்கள். 48 முதல் 57 வரை இலக்கங்கள், 46 புள்ளி, 8 பேக்ஸ்பேஸ். இவற்றை அனுமதித்து, மற்ற எதுவானாலும் கீஆஸ்கியை 0 ஆக்கினால் அந்த விசை பெட்டிக்குள் விழாது. புள்ளி ஏற்கெனவே இருக்கிறதா என்று, சரத்துக்குள் தேடும் இன்ஸ்டர் சார்பால் பார்த்து, இருந்தால் இரண்டாவது புள்ளியைத் தடுக்க வேண்டும். இங்கே பலர் கோட்டைவிடும் இடம் ஒன்று உண்டு: பெட்டியில் உள்ள 6.5 முழுவதையும் தேர்ந்தெடுத்துவிட்டு ஒருவர் .5 என்று தட்டத் தொடங்கினால், அழியப்போகும் பழைய புள்ளியைக் கணக்கில் எடுத்துக்கொண்டு நிரல் அவரை மறித்துவிடும். ஆகவே தேடலைத் தேர்ந்தெடுக்கப்படாத பகுதியில் மட்டும் செய்யுங்கள். அதற்கு, தேர்வு தொடங்கும் இடத்தையும் அதன் நீளத்தையும் சொல்லும் செல்ஸ்டார்ட், செல்லெங்த் என்ற இரு பண்புகள் உதவும்.

இவ்வளவு செய்தபின்னும், வேறிடத்தில் நகலெடுத்ததை ஷிஃப்ட், இன்சர்ட் விசைகளால் ஒட்டினால் கீபிரஸ் நிகழவே நிகழாது. அதனால் உண்மையான காவல் சேமிப்புப் பொத்தானின் நிரலில்தான் இருக்க வேண்டும். அங்கே, எண்தானா என்று பார்க்கும் இஸ்நியூமெரிக் சார்பை மட்டும் நம்பாதீர்கள். 1ஈ5 என்று ஆங்கில 'ஈ' எழுத்தோடு வந்தாலும் அதை ஒரு லட்சத்தின் அறிவியல் குறியீடாக எடுத்துக்கொண்டு 'சரி' என்று சொல்லிவிடும். சரத்தின் அமைப்பை ஒப்பிடும் லைக் செயற்குறியைக் கொண்டு இலக்கமும் புள்ளியும் தவிர வேறு குறி உள்ளதா என்று சோதித்து, அதோடு இஸ்நியூமெரிக்கையும் சேர்த்துக் கேட்டால், வெற்றுப் பெட்டியும் இரண்டு புள்ளிகளும் ஒரே நிபந்தனையில் பிடிபடும். பிறகு சிடபிள் சார்பால் எண்ணாக மாற்றிக் கலத்தில் எழுதுங்கள். சரத்தின் தொடக்கத்தில் உள்ள எண்ணை மட்டும் எடுக்கும் வால் சார்பு எனக்குப் பிடிக்காத ஒன்று. பிழையே காட்டாமல், நீங்கள் சொன்ன அந்தப் பதிவை வெறும் 1 லிட்டராக்கிவிடும்.

பாலின் கொழுப்புச் சதவீதத்தைப் பதியும் பெட்டியும் உங்கள் படிவத்தில் இருந்தால், அதற்கு இதுவும் போதாது. புள்ளியை விட்டுவிட்டு 4.5ஐ 45 என்று தட்டினால் அதில் ஒவ்வொரு குறியும் இலக்கம்தான். எந்தச் சோதனையும் மறிக்காது. 45 சதவீதக் கொழுப்புள்ள பால் எந்த மாட்டிடமும் கிடையாது என்பது நிரலுக்குத் தெரியாது. உங்கள் சங்கத்துக்கு வழக்கமாக வரும் பாலை வைத்துக் கீழெல்லை, மேலெல்லை இரண்டையும் நீங்களே எழுதிவையுங்கள்.

உறுப்பினர் எண்ணுக்கும் கைபேசி எண்ணுக்கும் இலக்கச் சோதனை வைக்கலாம், ஆனால் எண்ணாக மாற்றாதீர்கள். 0047 என்பது கலத்தில் 47 ஆகிவிடும். பத்து இலக்கக் கைபேசி எண்ணையோ லாங் என்ற முழு எண் வகைக்கு மாற்றினால், அதன் உச்சமான 2,147,483,647ஐத் தாண்டி ஓவர்ஃப்ளோ பிழையில் நிற்கும். அந்த இரண்டு நெடுவரிசைகளையும் முன்கூட்டியே டெக்ஸ்ட் வடிவத்துக்கு மாற்றிவிட்டு, பெட்டியில் இருப்பதை அப்படியே எழுதுங்கள்.