ஜப்பானின் பழைய குத்துச்சண்டை சாம்பியன்களில் உரிய மதிப்பு கிடைக்காதவர் யார்?

என் பதில் குனியாக்கி ஷிபாட்டா. பழைய ஜப்பானிய வீரர்களைப் பற்றிய பேச்சு பெரும்பாலும் ஃபைட்டிங் ஹராடாவிலோ யோகோ குஷிகெனிலோ நின்றுவிடுகிறது. அவ்விருவரின் புகழும் நியாயமானதே.

ஷிபாட்டாவின் உயரத்தை அறிய 1970 டிசம்பரில் டிஜுவானாவில் நடந்த போட்டி ஒன்றே போதும். எதிரில் நின்றவர், 1960 ரோம் ஒலிம்பிக்கில் பங்கேற்று, பின்னர் ஃபெதர்வெயிட் எடைப் பிரிவை ஆண்ட மெக்சிகோவின் விசென்டே சால்டிவார். அவருடைய சொந்த நாட்டிலேயே, அவருடைய ரசிகர்களின் நடுவே, 12 சுற்றுகள் விடாமல் நெருக்கி, அதற்கு மேல் அவரால் தொடர முடியாத நிலைக்குத் தள்ளி ஷிபாட்டா பட்டத்தைப் பறித்தார். அடுத்த ஆண்டு எர்னெஸ்டோ மார்செலுடன் சமன் செய்து அதைத் தக்கவைத்தார். மார்செல் எத்தகையவர் என்பதைப் பின்னாளில் நிகராகுவாவின் புகழ்பெற்ற வீரர் அலெக்சிஸ் அர்குவெல்லோவே அவரிடம் தோற்று அறிந்தார்.

1973இல் ஹொனலுலுவில் பென் வில்லஃப்ளோரையும், 1974இல் டோக்கியோவில் ரிக்கார்டோ அரெடோண்டோவையும் புள்ளிகளில் வென்று, அதற்கு அடுத்த எடைப் பிரிவான சூப்பர் ஃபெதர்வெயிட்டில் WBA, WBC என்ற இரு உலகக் குத்துச்சண்டை அமைப்புகளின் பட்டங்களையும் வெவ்வேறு காலத்தில் பெற்றார்.

பிறகு ஏன் மறக்கப்பட்டார்? தோல்விகளின் விதமே காரணம் என்பது என் கணிப்பு. கிளெமென்டே சான்செஸிடம் 3ஆம் சுற்றிலும், வில்லஃப்ளோருடனான மறுபோட்டியில் முதல் சுற்றிலும், 1975இல் அல்ஃப்ரெடோ எஸ்கலேராவிடம் 2ஆம் சுற்றிலும் நாக்அவுட் ஆனார். இப்படி விரைவில் வீழ்ந்த காட்சிகள், 15 சுற்றுகள் நுட்பமாக ஆடி வென்றவற்றை விட எளிதில் மனத்தில் தங்கிவிடுகின்றன.